அடுத்த சூரா

மனைவி: நில்லுங்க, நில்லுங்க… இது என்ன?

உஸ்தாத்: எது?

மனைவி: உங்க சட்டைப் பையில இருந்தது. நல்லவேளை, தேய்க்கறதுக்கு முன்னாடி கையை விட்டுப் பார்த்தேன். இல்லைன்னா சூட்டுல எழுத்து பூரா கறுத்திருக்கும்.

உஸ்தாத்: அப்ப பார்த்துட்டே.

மனைவி: பஸ் டிக்கெட்டு. ரெண்டு. நாளைக்கு சாயங்காலம்.

உஸ்தாத்: கண்ணாடி போடாமலே படிச்சுட்டியே! ஊசியில நூல் கோர்க்கணும்னா மட்டும் பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுவே.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. எந்த ஊருன்னு போட்டிருக்கு?

உஸ்தாத்: நான்தானே எடுத்தேன். எனக்குத் தெரியாதா?

மனைவி: தம்பி ஊரு. நம்ம புள்ளை ஊரு.

உஸ்தாத்: ம். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்மா. சட்டை தீயுது.

மனைவி: தீயட்டும். யாரைக் கேட்டு எடுத்தீங்க?

உஸ்தாத்: பெத்த புள்ளைகிட்ட போறதுக்கு யாரைக் கேட்கணும்?

மனைவி: இத்தனை வருஷமா அந்த ஊர் பேரைச் சொன்னாலே எழுந்து போய் முகம் கழுவுவீங்க. இப்ப திடீர்னு என்ன?

உஸ்தாத்: திடீர்னு இல்ல. குர்ஆன் பாடம் முடிஞ்சதும் கிளம்பறோம். நீ ஒரு பை எடுத்து வை, போதும்.

மனைவி: போதும்னா? உங்க நெஞ்சுக்குள்ள ஸ்பிரிங் வச்சு அனுப்பியிருக்காங்க, ஞாபகம் இருக்கா? மாடிப்படி ஏறாதே, வெயில்ல நடக்காதே, கோபப்படாதே…

உஸ்தாத்: பஸ்ல உட்காராதேன்னு சொல்லலையே.

மனைவி: அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு.

உஸ்தாத்: புள்ளைகிட்ட போறதுல என்ன அதிர்ச்சி?

மனைவி: இல்ல… ராத்திரி முழுக்க பஸ் குலுங்கும். அதைச் சொன்னேன்.

உஸ்தாத்: சரி.

மனைவி: வீட்டை யார் பார்த்துக்குவா? தண்ணித் தொட்டி வேற ஒழுகுது. குழாய்க்காரன் நாளன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்.

உஸ்தாத்: அவன் போன மாசத்துல இருந்து நாளன்னைக்குத்தான் வர்றான்.

மனைவி: அப்ப நான் சொல்றதெல்லாம் உங்களுக்கு விளையாட்டா இருக்கு.

உஸ்தாத்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வர இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லு. குழாய்க்காரனை ஏன் இழுக்கறே?

மனைவி: முதல்ல ஒரு போன் பண்ணிப் பார்க்கலாம். ஒரு வாரம் கழிச்சு…

உஸ்தாத்: அவன் எடுக்க மாட்டான்.

மனைவி: …எப்படித் தெரியும்?

உஸ்தாத்: நான் கூப்பிட்டா எடுப்பானா? நீ கூப்பிட்டாத்தான் எடுப்பான்.

மனைவி: நானா! நான் எங்க…

உஸ்தாத்: விடும்மா. சமையல்கட்டுல குழாயைத் திறந்து விட்டுட்டு, அந்தச் சத்தத்துல பேசுவியே. "சாப்பிட்டியா"ன்னு கேட்கறது கூடம் வரைக்கும் கேட்கும். நான் புஸ்தகத்துல ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

மனைவி: தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேட்கலை?

உஸ்தாத்: கேட்டா நிறுத்திடுவே. நிறுத்திட்டா எனக்கு அவன் சாப்பிட்டானான்னு எப்படித் தெரியும்? இப்பல்லாம் குழாய்ச் சத்தமே கேட்கறதில்லை.

மனைவி: தண்ணி வீணாகுதுன்னு நீங்கதானே கத்துனீங்க.

உஸ்தாத்: ஆமா… நான்தான் கத்துனேன்.

மனைவி: டீ போடட்டுமா?

உஸ்தாத்: வேணாம். உட்காரு. நாளைக்குப் பாடத்தை ஒரு தடவை உன்கிட்ட சொல்லிப் பார்க்கறேன்.

மனைவி: என்கிட்டயா? எனக்கு என்ன தெரியும்?

உஸ்தாத்: புரியலைன்னா முகத்தைச் சுளிப்பே. அது போதும். என் பாடத்துக்கு வர்றவங்க எல்லாத்துக்கும் தலையை ஆட்டறாங்க.

மனைவி: குர்ஆன்ல எந்த சூரா?

உஸ்தாத்: ஹூது.

மனைவி: ஹூதா? அதை எப்பவும் தாண்டிட்டுத்தானே போவீங்க? முன்னாடி இருக்கிற யூனுஸை முடிப்பீங்க, அடுத்த வாரம் தொண்டை சரியில்லைம்பீங்க, அதுக்கடுத்த வாரம் யூசுஃப்ல வந்து நிப்பீங்க. அதுல வர்ற, வெள்ளத்துக்குக் கப்பல் கட்டின நூஹ் நபி பேரு வந்தாலே உங்களுக்கு இருமல் வந்துடும்.

உஸ்தாத்: இந்தத் தடவை இருமல் வரலை.

மனைவி: வேணாங்க. வேற ஏதாவது நடத்துங்க. சின்னதா ஒண்ணு. கடைசிப் பக்கத்துல எத்தனை சூரா இருக்கு…

உஸ்தாத்: சின்னதுன்னா சுலபமா? வெளியில யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே.

கடிகாரக்காரர்: உஸ்தாத்! உள்ள வரலாமா? நான்தான், கடிகாரக் கடை.

உஸ்தாத்: வாய்யா. செருப்பை உள்ளயே கழட்டு, நாய் தூக்கிட்டுப் போயிடும்.

கடிகாரக்காரர்: சலாம். அக்கா, சலாம். உட்கார நேரமில்லை, கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன். ஒரே ஒரு வசனம் வேணும் உஸ்தாத். கடைக் கண்ணாடியில ஒட்டணும்.

உஸ்தாத்: ஒரே ஒரு வசனம் என்கிட்ட கிடைக்காது. தெருமுனையில ஸ்டிக்கர் விக்கறவன்கிட்ட கேளு.

கடிகாரக்காரர்: கோபிச்சுக்காதீங்க. நானே யோசிச்சுட்டேன். "காலத்தின் மீது சத்தியமாக". எப்படி? கடிகாரக் கடைக்குன்னே இறக்கின மாதிரி இல்ல?

உஸ்தாத்: அதுக்கு அடுத்த வசனம் என்ன?

கடிகாரக்காரர்: அது வந்து… "மனுஷன் நஷ்டத்துல இருக்கான்".

உஸ்தாத்: அதையும் ஒட்டு.

கடிகாரக்காரர்: கடை வாசல்ல நஷ்டம்னு ஒட்டினா எவன் உள்ள வருவான்?

மனைவி: ஹா… நல்லாக் கேட்டீங்க.

உஸ்தாத்: சிரிக்காதே. இவனுக்குச் சத்தியம் மட்டும் வேணும், எதுக்குச் சத்தியம் பண்ணாங்கன்னு வேணாம். ஏன்யா, ஒருத்தர் உன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல நாலு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போனா, அது அவர் பேச்சா, உன் பேச்சா?

கடிகாரக்காரர்: என் பேச்சுதான்.

உஸ்தாத்: எத்தனை வருஷமா பாடத்துக்கு வர்றே? ஒவ்வொரு சூராவுக்கும் ஒரு நடுத்தூண் இருக்கு, மத்ததெல்லாம் அதுமேலதான் நிக்குதுன்னு தொண்டை வத்தக் கத்தறேன். முன்னால உள்ளதைக் கேளு, பின்னால உள்ளதைக் கேளு, அப்புறம் வாயைத் திற.

கடிகாரக்காரர்: சரி சரி, மூணு வசனத்தையும் முழுசா ஒட்டிடறேன். கடைசியில பொறுமையைத்தானே சொல்லுது… அதைக் கொண்டு ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்றவங்க நஷ்டத்துல இல்லைன்னு. அந்தப் பையன் பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னப்பவே நான் நினைச்சேன் உஸ்தாத், உங்களுக்கு அந்தக் கடைசி வரி…

உஸ்தாத்: கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்னு சொன்னியே.

கடிகாரக்காரர்: ஆ… ஆமா. கிளம்பறேன். நாளைக்கு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் நானே வண்டியில கொண்டுவிடறேன். அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் அல்லாஹ் பொறுமையைக் கொடுக்கட்டும்.

மனைவி: …என்ன சொல்லிட்டுப் போறாரு? பயணத்துக்கு எதுக்குப் பொறுமை?

உஸ்தாத்: அந்த பஸ்ஸு அப்படி.

மனைவி: எந்தப் பையன்?

உஸ்தாத்: பாடத்துல சேர வந்தான் ஒருத்தன்.

மனைவி: பையைத் தூக்கிக்கிட்டா?

உஸ்தாத்: எங்க விட்டேன்… ஹூது. இந்த சூராவுல ஒவ்வொரு நபியா வந்து தன் ஜனங்ககிட்ட பேசறாங்க. யாரும் கேட்கறதில்லை. ஆனா நல்லாப் பார்த்தா, ஜனங்க கேட்காதது ஒரு பக்கம், வீட்டுக்குள்ளயே கேட்காதது இன்னொரு பக்கம். ஒருத்தருக்கு மகன். ஒருத்தருக்கு மனைவி. சொந்தம்கிறதால யாரும் தப்பிக்க முடியாது. சொந்தம்கிறதால வலிக்காமலும் இருக்காது. இதுதான் நான் சொல்லப் போறது.

மனைவி: இதை அன்னைக்கு ஏன் சொல்லலை?

உஸ்தாத்: என்னைக்கு?

மனைவி: தெரியாத மாதிரி கேட்காதீங்க. தம்பி இதோ, இந்த வாசல்ல நின்னான். மதரஸாப் படிப்பு எனக்கு ஏறலை வாப்பா, கடைசி வருஷம்னாலும் பரவாயில்லை, நான் ஐஸ்பெட்டி ரிப்பேர் கத்துக்கறேன்னு சொன்னான். திருடினானா? குடிச்சானா? கை வேலை செஞ்சு சாப்பிடறேன்னான். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்க. எனக்கு அரபு தெரியாது. ஆனா அந்த ஒரு வசனம் மட்டும் எனக்கு மனப்பாடம்.

உஸ்தாத்: "அவன் உன் குடும்பத்தைச் சேர்ந்தவன் இல்லை."

மனைவி: அதுக்கு அவன் அர்த்தம் கேட்கலை. அவனுக்குத் தெரியும், உங்ககிட்டதானே படிச்சான். செருப்புகூடப் போடலை. அப்படியே இறங்கிப் போனான்.

உஸ்தாத்: தெரியும்மா.

மனைவி: ஊருக்கெல்லாம் முன்னாடி பாரு, பின்னாடி பாருன்னு சொல்றீங்களே, இப்ப நான் கேட்கறேன். அந்த வசனத்துக்கு முன்னாடி என்ன இருக்கு?

உஸ்தாத்: நூஹ் நபி அல்லாஹ்கிட்ட கெஞ்சறாரு. "ரப்பே, என் மகன் என் குடும்பத்தைச் சேர்ந்தவன்"னு. அதுக்கு வந்த பதில்தான் அது.

மனைவி: அதுக்கு முன்னாடி?

உஸ்தாத்: பூமி தண்ணியை விழுங்குது. மழை நிக்குது. தண்ணி வத்திடுது.

மனைவி: அதுக்கு முன்னாடி?

உஸ்தாத்: அலை வந்துடுது. வாப்பாவுக்கும் மகனுக்கும் நடுவுல.

மனைவி: அதுக்கும் முன்னாடி?

உஸ்தாத்: "என் மகனே… எங்ககூட ஏறிக்கோ"ன்னு கூப்பிடறாரு.

மனைவி: கூப்பிடறாரா!

உஸ்தாத்: கூப்பிடறாரு. அலை வர்ற நிமிஷம் வரைக்கும் கூப்பிடறாரு. அவன் அல்லாஹ்மேல ஈமான் கொள்ளாதவன். அப்பவும் "மகனே"ன்னுதான் கூப்பிடறாரு.

மனைவி: நம்ம புள்ளை அஞ்சு வேளை தொழறவன்.

உஸ்தாத்: ஆமா.

மனைவி: அப்ப உங்களுக்கு எது கைக்குக் கிடைச்சுது பாருங்க.

உஸ்தாத்: அதைத்தான் நாளைக்குச் சொல்லப் போறேன். அந்த இடத்துல ஒரு வாப்பா பேச வேண்டிய பேச்சு இருக்கு. "ஏறிக்கோ"ங்கறது. அதை விட்டுட்டு, அல்லாஹ் பேசின பேச்சை எடுத்து என் வாயில வச்சுக்கிட்டேன். அந்தக் கடிகாரக்காரன் லாபத்துக்கு வெட்டறான். நான் கோபத்துக்கு வெட்டினேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

மனைவி: எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?

உஸ்தாத்: எல்லார் முன்னாடியும்தானே நல்லவன்னு பேரு வாங்கியிருக்கேன்.

மனைவி: வேணாங்க… சொல்லும்போது நெஞ்சை அடைக்கும்.

உஸ்தாத்: அடைச்சா அடைக்கட்டும். சொல்லிட்டு பஸ் ஏறுவோம்.

மனைவி: நான் ஒண்ணு சொல்றேன், கேட்கறீங்களா?

உஸ்தாத்: சொல்லு.

மனைவி: சூராவெல்லாம் ஜோடி ஜோடியா இருக்கும், ஒண்ணோட கேள்விக்குப் பக்கத்துல இருக்கிறது பதில் சொல்லும்னு சொல்வீங்களே. ஹூதுக்கு அடுத்து யூசுஃப் இருக்கு. இங்க ஒருத்தர் தண்ணியில புள்ளையைத் தொலைக்கறாரு. அங்க ஒருத்தர் புள்ளையைத் தொலைச்சுட்டு அழுது அழுது கண்ணே போகுது. ஆனா அந்தப் புள்ளை திரும்பக் கிடைக்கறான். கண்ணும் வந்துடுது. அதையும் சேர்த்து நடத்துங்க. நல்லபடியா முடிச்சுட்டு, அப்புறம் போகலாம்.

உஸ்தாத்: அதை முடிக்க எத்தனை மாசம் ஆகும் தெரியுமா?

மனைவி: ஆகட்டுமே. உங்க உடம்பும் தேறிடும்.

உஸ்தாத்: அது அடுத்த சூராம்மா. நாம இன்னும் இதுலதான் இருக்கோம்.

மனைவி: …ஏன் அப்படிச் சொல்றீங்க?

உஸ்தாத்: சும்மாத்தான்.

மனைவி: ஏங்க… அங்க போய், அவன் கதவைத் திறக்கலைன்னா?

உஸ்தாத்: திறக்க மாட்டான்.

மனைவி: தெரிஞ்சே போறீங்களா?

உஸ்தாத்: தெரிஞ்சேதான் போறேன்.

மனைவி: அவன் ஊர் மாறிப் போயிருந்தா? வேலை மாத்திட்டு எங்கயாவது…

உஸ்தாத்: அந்தப் பெட்டியை முதல்ல அணைச்சு வை.

மனைவி: அணைச்சுட்டேன்.

உஸ்தாத்: ஒண்ணு கேட்கட்டுமா? நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ஒருநாள் காலையில நீ வராந்தாவுல இருந்து உள்ள வந்தே. கண்ணு ரெண்டும் வீங்கிப் போய் இருந்துச்சு. அழுதியான்னு கேட்டேன். என்ன சொன்னே?

மனைவி: உங்களை நினைச்சு அழுதேன்னு சொன்னேன்.

உஸ்தாத்: எனக்குத்தான் அன்னைக்கே சரியாயிடுச்சே. டாக்டர் சிரிச்சுக்கிட்டே வந்து சொல்லிட்டுப் போனாரே.

மனைவி: பயத்துல அழறதுக்கு டாக்டரைக் கேட்டுக்கிட்டா அழுவாங்க?

உஸ்தாத்: வீட்டுக்கு வந்த பிறகும் அழுதே. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, தலையணையைக் கடிச்சுக்கிட்டு.

மனைவி: பல்வலி.

உஸ்தாத்: இத்தனை நாளா?

மனைவி: ஆமா, இத்தனை நாளா! என்ன விசாரணை இது? போக வேணாம்னா வேணாம். அந்த டிக்கெட்டை நான் கிழிச்சுப் போட்டுடுவேன்.

உஸ்தாத்: கிழி. காலையில வேற எடுப்பேன்.

மனைவி: கெஞ்சிக் கேட்கறேங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன். அந்த ஊருக்கு மட்டும் வேணாம். ஏன்னு கேட்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், உங்க நெஞ்சு தாங்கும்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் நானே சொல்றேன்… எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.

உஸ்தாத்: ஒருத்தர்தானா? இப்பத்தான் உண்மையைச் சொல்லியிருக்கே.

மனைவி: நான் ஒண்ணும் சொல்லலை. நான் என்ன சொன்னேன்? வாய் தவறி ஏதோ… ஏங்க, நெஞ்சு வலிக்குதா? ஏன் அப்படிப் பார்க்கறீங்க? மாத்திரை எடுக்கட்டுமா?

உஸ்தாத்: மாத்திரை வேணாம். நீ எதையும் சொல்லவும் வேணாம், இங்க வந்து உட்காரு. தம்பிகூட வேலை பார்த்த பையன் போன வாரம் பாடத்துக்கு வந்தான். தம்பி துணியெல்லாம் ஒரு பையில போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். தம்பிக்குக் கரன்ட் அடிச்சுதுன்னும், தூக்கிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுன்னும் சொன்னான். வீட்டுப் பக்கம் வராதேப்பா, அவன் உம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துப் போயிடுவான்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அதுக்கு அவன், உம்மாவுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு சொன்னாங்கன்னான். பாவி மகளே… அங்க நம்ம புள்ளையை அடக்கம் பண்ணின அன்னைக்கு, நீ எனக்கு ரொட்டியைப் பால்ல நனைச்சு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கே. ஒரு வாரமா உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இந்த சூராவைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாளைக்கு பஸ் ஏறி அவன் கபருக்குப் போவோம். நீ வாய்விட்டு அழு, நான் பக்கத்துல இருக்கேன். அவன் என் குடும்பம்னு நான் ஒரு தடவை சொல்லணும். காலம் கடந்து போச்சுன்னு தெரியும்மா… நூஹ் நபியும் தண்ணி வத்தின பிறகுதான் சொன்னாரு.